செஸ்கா நாற்காலி: இரண்டு ஆண்டுப் பழக்கத்திற்குப் பின்

கட்டடக் கலைஞரும் மரச்சாமான் வடிவமைப்பாளருமான மார்செல் பிராயர் வடிவமைத்த செஸ்கா நாற்காலியை மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட நான்கு நாற்காலிகளைச் சாப்பாட்டு மேசைக்காக வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே ஓட்டமாக வளைந்து செல்லும் எஃகுக் குழாய், பீச் மரச் சட்டம், அதனுள் பிரம்புப் பின்னல் என்பதே இதன் அமைப்பு, பின்னங்கால்கள் கிடையாது. அதனால் முதன்முறை உட்காருபவர்கள் சற்றுத் தயங்குகிறார்கள். எடை இறங்கும்போது குழாய் மெல்ல இசைந்து கொடுப்பதை உணர்ந்த பிறகே நன்றாகச் சாய்கிறார்கள். மெத்தை செய்யும் வேலையை இங்கே அந்த இசைவே செய்துவிடுகிறது.

ஹங்கேரியின் பேச் நகரில் 1902இல் பிறந்த பிராயர், ஓவியம் கற்க வியன்னாவுக்குச் சென்று, அங்கே மனம் ஒட்டாமல் 1920இல் ஜெர்மனியின் வைமாரில், கலையையும் கைத்தொழிலையும் சேர்த்துக் கற்பித்த பௌஹவுஸ் பள்ளிக்கு வந்து, தச்சுப் பட்டறையில் மாணவரானார். பள்ளி 1925இல் டெஸ்ஸாவுக்கு இடம்பெயர்ந்தபோது, தாம் பயின்ற அந்தப் பட்டறைக்கே தலைமையேற்றார். எஃகுக் குழாயில் இருக்கை செய்யலாம் என்ற எண்ணம் அவருக்குத் தம் சைக்கிளின் கைப்பிடி வளைவைப் பார்த்துத் தோன்றியது. பள்ளியை விட்டு பெர்லினில் தனியாகத் தொழில் தொடங்கிய 1928ஆம் ஆண்டைச் சேர்ந்தது இந்த வடிவம். மகள் ஃபிரான்செஸ்காவை நினைவூட்டும் பெயர் பிற்காலத்தில் வந்தது. பின்னங்கால் இல்லாத நாற்காலியை அவருக்கு முன்பே டச்சுக்காரரான மார்ட் ஸ்டாம் செய்திருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆயினும் எஃகோடு மரத்தையும் பிரம்பையும் சேர்த்த இடத்தில் நான் காண்பது தச்சுப் பட்டறையில் பழகிய கையைத்தான். 1937 முதல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் கட்டடக்கலை கற்பித்தபோது, பின்னாளில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களான ஐ. எம். பெய், பிலிப் ஜான்சன் போன்றோர் அவரிடம் பயின்றார்கள்.

எங்கள் வீட்டு நாற்காலிகளில் குறைகளும் உண்டு. பிரம்பு கையால் பின்னப்பட்டது என்று கடையில் சொன்னார்கள். வீட்டில் கவிழ்த்துப் பார்த்தபோதுதான், இயந்திரத்தில் பின்னிய விரிப்பைச் சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் அழுத்தி ஒட்டியிருப்பது தெரிந்தது. அது கெடுதல் அல்ல, ஆனால் கையால் பின்னியதற்கு உரிய விலையை வாங்கியிருக்கக் கூடாது. ஓராண்டில் ஓர் இருக்கை தொய்ந்தது. அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்கு நனைத்து ஒரு நாள் நிழலில் உலரவிட்டதும் பின்னல் மீண்டும் விறைத்துக்கொண்டது. கடற்காற்று படும் வீடு என்பதால், தரையைத் தொடும் குழாயின் அடியில் குரோமியப் பூச்சில் துருப்புள்ளிகள் தோன்றியுள்ளன. வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து வருகிறோம்.

இத்தனைக்கும் பிறகு, இரவு உணவு முடிந்தும் எவரும் எழாமல் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பது இந்த நாற்காலிகள் வந்த பிறகுதான். இடுப்பு வலியுள்ள என் தாயாரும் இதையே கேட்டு வாங்கி அமர்கிறார். வாங்க நினைப்பவர்கள் இருக்கையைக் கவிழ்த்துப் பின்னலைப் பார்க்கட்டும். கைப்பிடி உள்ள வகையை விரும்பினால், அது மேசைக்கு அடியில் நுழையுமா என்று முன்னதாகவே அளந்துகொள்ளட்டும்.