முற்றத்துக் கல்லைச் சமப்படுத்த 4 அங்குல டைமண்ட் கப் வீல்

மதிப்பெண்: தூக்கி நிற்கும் விளிம்புக்கு 5க்கு 4. ஆடும் கல்லுக்குப் பூஜ்யம்.

கடப்பா, தாந்தூர், கோட்டா எல்லாமே சுண்ணாம்புக்கல் வகை, கிரானைட்டைவிட மிருது. கை கிரைண்டரில் (ஆங்கிள் கிரைண்டர்) மாட்டும் இந்தக் கிண்ண வடிவ வீலில், இரட்டை வரிசை வைரப் பல் உள்ளது சிரமமில்லாமல் தேய்க்கும். கால் இடறுகிற 2, 3 மி.மீ. மேட்டுக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

ஆனால் முதலில் சுத்திப் பிடியால் நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். பொக்கென்று கேட்டால் அடியில் கலவை இல்லை. மூலைக்கு ஓர் உருண்டை கலவை வைத்துக் கல்லை உட்காரவைத்த அவசர வேலை அது. இடுக்கு வழியே மழைநீர் இறங்கி அடிமண்ணை அரித்ததும் கல் ஆடத் தொடங்கும். அதைத் தேய்த்துப் பயனில்லை. அடுத்த மழைக்கு வேறு மூலை எழும்பும். கல்லைப் பெயர்த்து, பழைய கலவையைச் சுரண்டி, அடிமண்ணை நனைத்துக் கெட்டித்து, 1:6 சிமென்ட், எம்-சாண்ட் கலவையை 40 மி.மீ. கனத்தில் இடைவெளியில்லாமல் பரப்புங்கள். கல்லின் முதுகில் சிமென்ட் பால் பூசி, ரப்பர் சுத்தியால் தட்டி அமர்த்துங்கள். முற்றம் முழுவதையும் மாற்றுவதானால் மீட்டருக்கு 12 மி.மீ. வாட்டம் வைத்து நூல் பிடியுங்கள்.

கல் கெட்டியாக இருந்தால், மட்டப்பலகை வைத்து மேட்டைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு தேய்க்கலாம். வீலை ஒரே இடத்தில் நிறுத்தினால் கிண்ணம் போலக் குழிந்து தண்ணீர் தேங்கும். 3 மி.மீ. மேட்டை ஒரு சாண் தூரத்துக்காவது இழைத்து இறக்குங்கள். 20 மி.மீ. கல்லில் 4 மி.மீ.க்கு மேல் எடுத்தால் பிறகு விரிசல்தான். தூசி கடுமையாகப் பறக்கும், என்95 முகக்கவசம் கட்டாயம். சாதாரண கிரைண்டரோடு தண்ணீர் ஊற்றாதீர்கள், ஷாக் அடிக்கும்.

பெட்டியில் போடாத குறை ஒன்று: தேய்த்த இடம் வளையக் கீறலோடு வெளுத்துப்போகும். கருங்கடப்பாவில் அது அப்பட்டமாகத் தெரியும். 50, 100, 200 எண் பாலிஷ் பேட் போட்டு இழுத்தால் ஓரளவு மறையும். அதற்கு வேகம் குறைக்கக்கூடிய மெஷின் வேண்டும், நிமிடத்துக்கு 11,000 சுற்றில் பேட் கருகிவிடும். வெளித்தரைக்கு 200 போதும், அதற்கு மேல் போனால் மழையில் வழுக்கும். சிமென்ட் கறைக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் இங்கே வேண்டாம், கல்லையே அரித்துவிடும்.

வாங்கும்போது மரையைக் கவனியுங்கள். 4 அங்குல கிரைண்டர் பெரும்பாலும் எம்10 (10 மி.மீ. மரை), 5 அங்குலம் எம்14 (14 மி.மீ.). கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வீல் ஏறாது.