பியூ ஆராய்ச்சி மையத்தின் கருத்துக்கணிப்புகள்: எண்ணுக்கு முன்னால் கேள்வியைப் படியுங்கள்

கல்லூரி முடித்த கையோடு ஒரு கம்பெனிக்காக வீடு வீடாகப் போய் சர்வே எடுத்திருக்கிறேன். கதவைத் தட்டினால் ஒரு அம்மா வருவார், நான் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் வந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார், படிவத்தில் மட்டும் அந்த அம்மாவின் பெயர் இருக்கும். சாயங்காலம் எண்ணிக்கை குறைந்தால் மீதியை டீக்கடையில் உட்கார்ந்து நீங்களே நிரப்பிவிடுங்கள் என்றார் சூப்பர்வைசர். அன்றிலிருந்து ‘மக்களில் இத்தனை சதவீதம் பேர்’ என்று எங்கே பார்த்தாலும், யாரிடம் கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்றுதான் மனசு கேட்கிறது. அதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிற இடம் என்பதால் வாஷிங்டனில் இருந்து கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆராய்ச்சி மையத்தின் தளத்தைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். படிக்கக் காசு கிடையாது.

அறிக்கையை மட்டும் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள். கூடவே ‘டாப்லைன்’ என்று ஒரு கோப்பு இருக்கும், கேட்ட கேள்வி வார்த்தை மாறாமல் அதில் இருக்கும், ஒவ்வொரு பதிலுக்கும் எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். கேள்வியின் வார்த்தை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவர்களே காட்டும் உதாரணம்: 2003 ஜனவரியில், சதாம் உசேன் ஆட்சியை முடிக்க இராக் மீது ராணுவ நடவடிக்கை எடுக்கலாமா என்று கேட்டபோது 68 சதவீத அமெரிக்கர்கள் சரி என்றார்கள், ‘ஆயிரக்கணக்கான அமெரிக்க வீரர்களுக்கு உயிர்ச்சேதம் ஏற்படலாம் என்றாலும்’ என்று சேர்த்துக் கேட்டதும் 43 ஆகிவிட்டது. முதல் எண்ணை மட்டும் தலைப்பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் எடுக்கும் முறையும் எனக்குப் பிடிக்கும். விருப்பப்பட்டவர்கள் வந்து கிளிக் செய்துவிட்டுப் போகும் வேலை இல்லை. அமெரிக்காவுக்குள் நடத்தும் கணிப்புகளுக்கு, தபால் துறை முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் மாதிரி வீடுகளைப் பொறுக்கி எடுத்து அழைக்கிறார்கள், இன்டர்நெட் இல்லாதவர்களிடம் போனில் பேசிப் பதில் வாங்குகிறார்கள்.

நம் ஆட்கள் முதலில் படிக்க வேண்டியது 2021 ஜூனில் வந்த இந்திய மதங்கள் பற்றிய அறிக்கை. சுமார் 30,000 பேரை நேரில் பார்த்து, 17 மொழிகளில் பேசி எடுத்தது. எல்லா மதத்தையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருக்க மிக முக்கியம் என்று 84 சதவீதம் பேர் சொல்கிறார்கள். அதே அறிக்கையில், முஸ்லிம் ஒருவரைப் பக்கத்து வீட்டுக்காரராக ஏற்க மாட்டேன் என்று இந்துக்களில் 36 சதவீதம் பேர் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்த்த அன்று ரொம்ப நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

குறையும் உண்டு. பெரும்பாலான இடங்களில் ‘தெற்கு’ என்று ஐந்து மாநிலங்களையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள், புதுச்சேரியும் அதற்குள்தான். தமிழ்நாட்டுக்கு மட்டும் என்ன என்று தேடினால் கண் வலிக்கும். மூலத்தரவை இறக்கலாம், ஆனால் கணக்கு தொடங்க வேண்டும், அறிக்கை வந்து பல மாதம் கழித்துத்தான் கிடைக்கும். அப்புறம், எந்தத் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இது அதற்கான இடமே இல்லை.

புதிதாகப் போகிறவர்கள் அரசின் மீதான நம்பிக்கை பற்றிய வரைபடத்தில் தொடங்குங்கள். வாஷிங்டன் அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று 1958-இல் நான்கில் மூன்று அமெரிக்கர்கள் நம்பினார்கள், 2024-இல் அது 22 சதவீதம். கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வியட்நாம் போர், அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழல் காலத்தைத் தாண்டிப் பாருங்கள், எங்கே சரிகிறது என்று கண்ணாலேயே தெரியும்.