ஜிஆர்86க்கு எந்தப் பனி டயர்? ஒன்டாரியோ, கியூபெக் சாலைகளுக்கான ஒப்பீடு

பின்சக்கர இயக்கமுள்ள ஸ்போர்ட்ஸ் கார் பனிக்கு ஆகாது என்று சொல்பவர்கள், பெரும்பாலும் கோடை டயரோடு பனியில் ஓட்டிய காரைப் பார்த்தவர்கள். டொயோட்டா ஜிஆர்86ஐ எடுத்துக்கொள்வோம். அடிப்படை மாடலில் மிஷலின் பிரைமசி ஹெச்பி, பிரீமியம் மாடலில் பைலட் ஸ்போர்ட் 4. இரண்டுமே கோடை டயர்கள். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் அந்த ரப்பர் இறுகத் தொடங்கிவிடும். ஒரு துளி பனிகூட விழாத நவம்பர் காலையில், காய்ந்த சாலையிலேயே பின்பக்கம் விலகுவது அதனால்தான்.

காரின் அமைப்பும் இதில் கொஞ்சம் பங்கு வகிக்கிறது. எடை ஏறக்குறைய 1,300 கிலோ. அதில் பாதிக்கும் சற்றுக் குறைவாகவே பின்சக்கரங்களின்மேல் அமர்கிறது. இதற்கு முந்தைய தலைமுறையான 86இல் முழு டார்க் (சுழல்விசை) வர எஞ்சின் 6,400 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) வேகத்தில் சுழல வேண்டியிருந்தது, இந்த 2.4 லிட்டர் எஞ்சினில் 3,700லேயே 250 நியூட்டன் மீட்டர் வந்துவிடுகிறது. பனியில் இது வசதியல்ல. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக மிதித்தாலே சக்கரம் சுற்றிவிடும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 முதல் பனி டயர் போட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தில் தள்ளுபடி தந்தாக வேண்டும். ஆகவே கேள்வி, போடுவதா வேண்டாமா என்பதல்ல; எதைப் போடுவது என்பதுதான்.

மலை முத்திரை சொல்லாதது

மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள்: இந்த முத்திரை டயரின் பக்கவாட்டில் இருந்தால் கியூபெக் சட்டத்துக்குப் போதும். வட அமெரிக்காவில் அதற்கான சோதனை, மிதிபட்டு இறுகிய பனியில் டயர் எவ்வளவு நன்றாக இழுக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. ஐஸில் நிற்குமா, வளைவில் பிடிக்குமா என்று பார்ப்பதில்லை. அதனால்தான் ஆண்டு முழுவதும் ஓட்டும் கிராஸ்கிளைமேட் 2க்கும், ஐஸுக்கென்றே செய்த பிளிசாக் டபிள்யூஎஸ்90க்கும் ஒரே முத்திரை கிடைக்கிறது. ‘எம்+எஸ்’ என்ற எழுத்து இதைவிடவும் பலவீனமானது. அது டயரின் வெட்டு வடிவத்தை மட்டும் குறிப்பது. எந்தச் சோதனையும் அதற்குப் பின்னால் இல்லை.

ஆல்-வெதர் டயர்: மிஷலின் கிராஸ்கிளைமேட் 2 போன்றவை

வசதி என்றால் இதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றும் செலவில்லை, இன்னொரு செட்டை வைக்க இடம் தேட வேண்டியதில்லை. புதிதாக விழுந்த பனியில் நன்றாகவே இழுக்கும். பலவீனம் ஐஸில் தெரியும்: பகலில் உருகி இரவில் மீண்டும் உறைந்த சிக்னல் சந்திப்பில், நிற்கும் தூரம் சட்டென்று நீண்டுவிடும். முன்சக்கர இயக்கக் குடும்பக் காருக்கு இது நல்ல சமரசம். ஜிஆர்86க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் இந்தக் கார் தரும் ஸ்டீயரிங் கூர்மையும் போய்விடும், ஜனவரியில் முழுப் பாதுகாப்பும் கிடைக்காது.

பெர்ஃபார்மன்ஸ் வின்டரா, ஸ்டட்லெஸ்ஸா?

உண்மையான போட்டி இங்கேதான். ஒரு பக்கம் மிஷலின் பைலட் ஆல்பின் 5, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் எல்எம்005 போன்ற பெர்ஃபார்மன்ஸ் வின்டர் டயர்கள். மறுபக்கம் பிளிசாக் டபிள்யூஎஸ்90, மிஷலின் எக்ஸ்-ஐஸ் ஸ்னோ, நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர்5 போன்ற ஸ்டட்லெஸ், அதாவது ஆணி இல்லாத ஐஸ் டயர்கள்.

முதல் வகை மத்திய ஐரோப்பாவின் குளிர்காலத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது: ஈரமான நெடுஞ்சாலை, அவ்வப்போது பனி, அதிக வேகம். ரப்பர் ஓரளவு உறுதியானது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தாமதமில்லாமல் திரும்பும். உப்புப் போட்டுக் கறுப்பாகக் கிடக்கும் ஒன்டாரியோவின் 401 நெடுஞ்சாலையில் இதுவே இனிமை.

இரண்டாவது வகையின் ரப்பர் மிக மிருது. மேற்பரப்பில் விரல் நகத்தை அழுத்தினாலே பள்ளம் விழும். ஆயிரக்கணக்கான மெல்லிய கீறல்கள் ஐஸின் விளிம்புகளைக் கவ்வுகின்றன. ஐஸ் மிக மோசமாக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டித்தான். அப்போது மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். பிளிசாக் டபிள்யூஎஸ்90இன் நுண்துளை ரப்பர் அந்த நீரை இழுத்துக்கொள்வதால் ரப்பர் நேராக ஐஸைத் தொடுகிறது. டொரோன்டோ குளிர்காலத்தின் பெரும்பகுதி இந்தப் பூஜ்ஜியத்தைச் சுற்றியே நகர்கிறது என்பதால் இது சிறிய விஷயமல்ல.

ஸ்டட்லெஸ் டயரின் குறை காய்ந்த சாலையில். வளைவில் டயர் நெளிவது கையில் தெரியும். லேன் மாறும்போது கார் அரை நொடி யோசிப்பதுபோல் இருக்கும். 10 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் வேகமாகத் தேயும். பிளிசாக்கில் அந்த நுண்துளை ரப்பர் மேலடுக்கில் மட்டுமே உள்ளது. அது தேய்ந்தபின் எஞ்சுவது சாதாரண வின்டர் ரப்பர். பழைய செட் வாங்குவோர் கவனிக்க வேண்டியது இது. 5 மில்லிமீட்டர் ஆழம் பாக்கி இருக்கிறது என்று விற்பவர் காட்டலாம். ஐஸைப் பிடிக்கும் பகுதி ஏற்கெனவே போயிருக்கலாம். எந்த வின்டர் டயராக இருந்தாலும் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் ஆழ்ந்த பனிக்குப் பயனில்லை.

என் தேர்வு ஸ்டட்லெஸ்தான். இந்தக் காரில் ஆபத்து வருவது 401இல் லேன் மாற்றும்போது அல்ல; குடியிருப்புத் தெருவின் சரிவில், சந்திப்பில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில். அங்கே ஐஸ் பிடிப்புதான் வேண்டும். காய்ந்த சாலையில் ஸ்டீயரிங் மந்தமாவது ரசனைக்கு இழப்பு, உயிருக்கு அல்ல. வாசல் முதல் அலுவலகம் வரை முழுக்க நெடுஞ்சாலை, இரு முனையிலும் மூடிய பார்க்கிங் என்றால் மட்டும் பெர்ஃபார்மன்ஸ் வின்டர் நியாயம்.

ஆணி டயர் பற்றிச் சுருக்கமாக. நோக்கியன் ஹக்கபெலிட்டா 10 போன்றவை தெளிந்த ஐஸில் எல்லாரையும் வெல்லும். கியூபெக்கில் அக்டோபர் 15 முதல் மே 1 வரை அனுமதி உண்டு. ஒன்டாரியோவில் வடபகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டும். வெறும் தார்ச்சாலையில் இரைச்சலும் அதிகம், பிரேக் பிடிப்பும் குறைவு. உப்புப் போடாத கிராமச் சாலையில் வாழ்பவருக்கானது இது. புதிதாகப் போட்டால் முதல் 500 கிலோமீட்டர் மென்மையாக ஓட்டி ஆணிகளை உட்கார வைக்க வேண்டும்.

18 அங்குலத்தை விட்டு 16க்கு

பனியில் ஒல்லியான டயர் கீழே வெட்டி இறங்கும். அகலமானது மேலே மிதக்கும். ஜிஆர்86 பிரீமியத்தின் 215/40ஆர்18க்குப் பதிலாக 205/55ஆர்16 போடலாம் (வரிசையாக: அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் உயரம் அகலத்தின் சதவீதமாக, ரிம் அங்குலத்தில்). முதலாவதன் விட்டம் சுமார் 629 மில்லிமீட்டர், இரண்டாவது 632. ஸ்பீடோமீட்டர் பிசகாது. உயர்ந்த பக்கச்சுவர், பனிக்குள் மறைந்திருக்கும் குழியிலிருந்து ரிம்மைக் காப்பாற்றும். 16 அங்குல டயர்களின் விலையும் குறைவு. ரிம்மின் போல்ட் அமைப்பு 5x100, நடுத்துளை 56.1 மில்லிமீட்டர். துளை பெரிதாக உள்ள ரிம் என்றால் மைய வளையம் போடாவிட்டால் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். பிரெம்போ நிறுவனத்தின் பெரிய பிரேக் உள்ள காருக்கு 17 அங்குலமே குறைந்தபட்சம், 16 ஏறாது.

நட்டுகளை 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபாருங்கள். காற்றழுத்தம், வெப்பநிலை 5.6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரி சூடான கராஜில் நிரப்பிய டயர், வெளியே -15இல் ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ குறைவாக இருக்கும். வெளியே நிற்கும்போது அளவெடுங்கள்.

நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். பின்சக்கரம்தானே இழுக்கிறது என்று பின்னால் மட்டும் இரண்டு போட்டால், கார் கிளம்பும். ஆனால் முன்டயர் பிடிக்காததால் திரும்பவும் நிற்கவும் செய்யாது.

எந்த டயரும் செய்து தராதவை

இரண்டாம் கியரில் கிளம்புங்கள். கியரைக் குறைக்கும்போது ஆர்பிஎம்மைச் சமன்செய்து கிளட்சை மெதுவாக விடுங்கள். அவசரமாக விட்டால் எஞ்சின் பிரேக் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து நிறுத்தும். அது வளைவில் ஹேண்ட் பிரேக் இழுத்ததற்குச் சமம். பின்பக்கம் விலகினால் ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்தி, கிளட்சை மிதித்து, போக வேண்டிய திசையைப் பார்த்துத் திருப்புங்கள். முன்பக்கம் நேராக வழுக்கினால் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பாதீர்கள். சற்று நேராக்கினால்தான் டயர் மறுபடி பிடிக்கும்.

பனியில் புதைந்தால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணையுங்கள். சக்கரம் சுற்றியதும் அது பவரைக் குறைத்துவிடும், கார் அசையாது. இந்தக் காரில் இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் டார்சென் டிஃபரன்ஷியலுக்கு ஒரு பலவீனம்: ஒரு பின்சக்கரம் சுத்தமாகப் பிடிப்பில்லாத ஐஸில் இருந்தால் மறு சக்கரத்துக்கும் போதிய விசை போகாது. ஹேண்ட் பிரேக்கை ஓரிரு பல் இழுத்துப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தால், சுற்றும் சக்கரத்தில் எதிர்ப்பு உருவாகி விசை மறுபக்கம் போகும். நகர்ந்ததும் விட்டுவிட வேண்டும்.

டிக்கியில் மணல் மூட்டை வைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. எடை பின் அச்சுக்கும் பின்னால் விழுவதால், வழுக்கத் தொடங்கிய காரைத் திருப்பிப் பிடிப்பது கடினமாகும். சக்கரத்தின் கீழ் தூவ ஒரு சிறு பை மணலும் ஒரு மடக்கு மண்வெட்டியும் போதும்.

டயரால் தீராத ஒரே விஷயம் தரையுயரம். இது சுமார் 13 சென்டிமீட்டர். அதற்கு மேல் பனி குவிந்தால் கார் வயிற்றில் ஏறி உட்கார்ந்துவிடும். பனிவாரி வண்டி போனபின் வீட்டு வாசலின் முனையில் விட்டுச்செல்லும் இறுகிய மேட்டை மோதிக் கடக்க முயன்றால் முன் பம்பர் கிளிப்புகள் உடையும். வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

காரையே நிறுத்திவைப்பது

ஐந்தாவது வழி இது. கராஜும் இரண்டாவது காரும் இருந்தால் பரிசீலிக்கத்தக்கது. துரு இதற்கு வலுவான காரணம். ஓட்டுவதென்றால் ஆண்டுதோறும் அடிப்பகுதிக்கு எண்ணெய் ஸ்பிரே அடித்தாக வேண்டும். நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, பேட்டரிக்குச் சார்ஜ் இறங்காமல் காக்கும் மெயின்டெய்னர் இணைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுக் கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். காப்பீட்டில் ஓட்டுதலுக்கான பகுதியை நிறுத்தி, திருட்டு, தீக்கான பகுதியை மட்டும் வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் பிப்ரவரியில் வெயில் அடித்துச் சாலை காய்ந்திருக்கும் நாளில்கூட, ஒரு சுற்றுக்கு என்றும் காரை வெளியே எடுக்கக் கூடாது.