ரோஸ் ஹில் அண்ணன் செய்து தரும் ஆழமானி

மொரீஷியஸில் ஃபிளிக் அன் ஃபிளாக் பக்கம், பவளத்திட்டுக்கு உட்புறக் கடலில் மாதிரி நீர்மூழ்கி ஓட்டுகிறேன். ஆழம் பார்க்க இப்போது அதில் இருப்பது ரோஸ் ஹில்லில் ஓர் அண்ணன் பட்டறையில் செய்து தரும் குழாய். விலை 350 ரூபாய். தாராளமாக வாங்கலாம்.

30 செ.மீ. பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் 3 மி.மீ., ஒரு முனையை எப்பாக்சி பசை வைத்து அடைத்திருக்கிறார். அவ்வளவுதான். படகு இறங்க இறங்கத் திறந்த முனை வழியாகக் கடல்நீர் ஏறிக் காற்றை அழுத்தும். 10 மீட்டரில் காற்று பாதியாகிவிடும். முதல் மீட்டருக்கே நீர் 2.7 செ.மீ. ஏறுகிறது, ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகையில் 8 மி.மீ.தான். நமக்கு வேண்டியது முதல் மூன்று மீட்டர்தானே! துளை சிறியது என்பதால் படகு சாய்ந்தாலும் குமிழி நழுவுவதில்லை. கேமராவுக்கு முன்னால் மேல்தளத்தில் கிடையாக ஒட்டியிருக்கிறேன். இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1870களில் கப்பலிலிருந்து இறக்கியதும் இதே தத்துவம்தான்: கண்ணாடிக் குழாய்க்குள் பூசிய சில்வர் குரோமேட், உப்புநீர் ஏறிய இடம் வரை வெளுத்துவிடும்.

முள் வைத்த கேஜும் (அழுத்தமானி) போட்டுப் பார்த்தவன் நான். கம்ப்ரஸர் கேஜ் 10 பார் (அழுத்த அலகு) வரை காட்டும்; ஒரு மீட்டர் ஆழம் என்பது 0.1 பார். முள் அசைந்த மாதிரியே தெரியாது. 1 பார் கேஜ் வாங்கினாலும் தொல்லை வேறு இடத்தில் வருகிறது. படகை மூழ்கடிக்கும் பிஸ்டன் டேங்க் தண்ணீரை இழுக்கும்போது மூடிய உடலுக்குள் இருக்கும் காற்று நெருக்கப்படும். அந்தக் கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. அதனால் உண்மையை விடக் குறைந்த ஆழம் காட்டும். வெளியே ஒட்டிய குழாய்க்கு இந்தக் கவலை கிடையாது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. வெயிலில் 40 டிகிரிக்குச் சூடான குழாயை 26 டிகிரித் தண்ணீரில் அப்படியே இறக்கினால், காற்று சுருங்கிச் சுமார் அரை மீட்டர் கூட்டிக் காட்டும். முதலில் குழாயைக் கடல்நீரில் முழுக்கிக் குளிரவிட்டு, வெளியே எடுத்து நீரை உதறிவிட்டு, உடனே இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்பு படிந்தால் துளை அடைத்துக்கொள்ளும்.

அளவுகளை மார்க்கரில் எழுதுகிறார், அது சீக்கிரம் அழிகிறது. கீறித் தந்தால் நல்லது என்று அண்ணனிடமே சொன்னேன்.

அப்புறம், அளவெல்லாம் கடல்நீருக்குப் போட்டது. குளத்தில் ஓட்டுபவர்கள் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.