மெராப்பி சரிவை அளக்க: ட்ரோன் படமா, லைடாரா?

ஜாவாவின் மெராப்பி எரிமலைத் தென்சரிவுக்கு நிலவரைபடம் போட நாங்கள் தேர்ந்தெடுத்தது ட்ரோன் லைடார், அதாவது ட்ரோனிலிருந்து லேசர் கதிர் அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும் முறை. அங்கே அளக்க வேண்டிய தரை பெரும்பாலும் தோட்டத்துக்கு அடியில் கிடக்கிறது.

இலவசத் தரவு இதற்கு உதவாது. விண்வெளி ஓடத்தின் ரேடார் தந்த உயரத் தரவான எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் எடுத்தது. 2010 வெடிப்பில் அனல் பாய்ச்சல் இறங்கி நிரப்பிய கெண்டோல் ஆற்றுப் பள்ளம் அதில் பழைய ஆழத்திலேயே இருக்கும். இந்தோனேசிய அரசின் உயரத் தரவான டெம்னாஸில் ஒரு கட்டம் சுமார் 8 மீட்டர். தடுப்பணைக்கு இடம் பார்க்க அது போதாது.

ட்ரோன் படமுறை, அதாவது ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களைப் பொருத்தி உயரம் கணக்கிடுவது, மலிவு. பான்டம் 4 ஆர்டிகே என்ற ட்ரோன் 100 மீட்டர் உயரத்தில் பிக்சலுக்கு 2.7 செ.மீ. தரும். மணல் அள்ளி அள்ளி மாறும் திறந்த ஆற்றுப்படுகைக்கு அதுவே சரி, ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மறுபடி பறக்கலாம். புதுச் சாம்பல் மேல் மட்டும் தடுமாறும்: எங்கும் ஒரே நிறம், பொருத்திப் பார்க்க மென்பொருளுக்கு அடையாளம் கிடைக்காது.

சலக் என்ற முள்பனைப் பழத் தோட்டமும் மூங்கிலும் வந்ததும் கதை மாறிவிடும். படமுறையில் ஒரு புள்ளி குறைந்தது இரண்டு படங்களில் தெரிந்தால்தான் உயரம் கிடைக்கும். இலை இடுக்கில் ஒரு படத்தில் தெரியும் மண், அடுத்த படத்தில் மறைந்துவிடும். லைடாருக்கு ஒரு கதிர் நுழைந்து திரும்பினால் போதும். சலக் மிக அடர்ந்த இடத்தில் அதற்கும் சிரமம்தான். குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தால் ஓட்டைகள் குறையும்.

லைடார் வாங்கியவர்களும் கோட்டை விடுவது, லேசர் புள்ளிகளில் எது தரை, எது செடி என்று பிரிப்பதில். பிடால் மென்பொருளில் தரையைப் பிரிக்கும் எஸ்எம்ஆர்எஃப் வடிகட்டியில் சரிவு மதிப்பு (கிடைத்தூரத்துக்கு எவ்வளவு ஏற்றம் என்பது) நாம் மாற்றாதவரை 0.15 என்று வரும், அதாவது சுமார் 8.5 டிகிரி. ஓடைப்பள்ளச் சுவர் 35 டிகிரி என்றால் சரிவு 0.7. மதிப்பை மாற்றாமல் ஓட்டினால் கரை விளிம்பையே மரம் என்று வெட்டித் தள்ளிவிடும், சமஉயரக் கோடுகள் பள்ளத்தை மழுங்கிய வாய்க்காலாகக் காட்டும். மதிப்பை ஒரேயடியாக ஏற்றினால் புதர் தரையாகிவிடும். பள்ளத்தையும் தோட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்து, தனி மதிப்புகளில் ஓட்டுங்கள். கிளவுட்கம்பேர் மென்பொருளில், புள்ளிகள்மேல் துணி போர்த்துவதுபோலக் கணக்கிட்டுத் தரையைப் பிரிக்கும் துணி வடிகட்டியைப் பயன்படுத்தினால், செங்குத்துச் சரிவு என்ற தேர்வை எடுங்கள். உச்சிப் பாறைகளில் எங்களுக்கு அனுபவம் குறைவு. அங்கே இதே மதிப்புகள் பொருந்தும் என்று சொல்லமாட்டோம்.

எந்த முறையானாலும் ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் இடங்காட்டி) தரும் நீள்வட்ட உயரத்தை, அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரத்தை, கடல்மட்ட உயரமாக மாற்றுங்கள். யோக்யகர்த்தா பக்கம் வித்தியாசம் சுமார் 25 மீட்டர். சரிபார்ப்புப் புள்ளிகளில் சிலவற்றைத் தோட்டத்துக்குள்ளே, டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் தரைக்கருவி) கொண்டு எடுங்கள். எல்லாம் வெட்டவெளியில் இருந்தால் படமுறையும் லைடாரும் ஒரே துல்லியம் போலத்தான் தெரியும்.