புறக்கோட்டையில் வாங்கிய N வகைக் கனெக்டரும் பால்மாப் பேணி அன்டெனாவும்

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலுள்ள ஒரு சிறிய மின்னணுக் கடையில், நான்கு துளைத் தகடுடைய N வகைக் கனெக்டர்கள் (அன்டெனாவைக் கேபிளுடன் இணைக்கும் திருகு இணைப்பிகள்) இரண்டையும் மெல்லிய செப்புத் தகட்டையும் வாங்கினேன். 83 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பால்மாப் பேணியில், 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபைக்கான அன்டெனா அமைப்பதே நோக்கம். அந்த விட்டத்தில் அலை பேணிக்குள் செல்லத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ 2.12 கிகாஹேர்ட்ஸ். அதைக்கொண்டு பேணிக்குள் அலைநீளத்தைக் கணக்கிட்டு, அதன் காற்பங்கான 62 மில்லிமீற்றர் மூடிய அடியிலிருந்து தள்ளித் துளையிட்டேன்.

முதலில் பொருத்திய 31 மில்லிமீற்றர் நேர்க்கம்பி வைஃபையின் முதலாவது அலைவரிசையில் (சானலில்) நன்றாக இயங்கினாலும், பதினோராவதில் சமிக்ஞை தளர்ந்தது. பின்னர் செப்புத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, கூர்முனையைக் கனெக்டரின் ஊசியில் பற்றவைத்து, தடித்த முனைக்குக் கம்பியைவிடச் சற்றுக் குறைந்த நீளமே போதும் என்பதால் சிறிது சிறிதாக நறுக்கிச் சரிசெய்தபோது, இரு அலைவரிசைகளுக்கும் இடையிலான வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. அதிகத் தூரம் எட்டும் என்று எதிர்பார்ப்போருக்கு இது ஏமாற்றமே. கூம்பு தருவது பரந்த அதிர்வெண் பட்டை, கூடுதல் வலிமையன்று.

கனெக்டர்களில் ஒன்றின் வெண்ணிறக் காப்பு, பற்றவைக்கும் சூட்டிலேயே உருகி ஊசியைச் சாய்த்துவிட்டது. இத்தகைய காப்புக்குப் பயன்படும், வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கான உண்மையான டெஃப்லான் அவ்வளவு எளிதில் இளகாது. கடைக்காரர் பற்றுச்சீட்டைக்கூடக் கேட்காமல் மாற்றித் தந்தார். செப்புத் தகட்டில் குறையேதும் இல்லை. கனெக்டரை மட்டும், இரண்டாக வாங்குங்கள்.