300 குதிரைவலு, மூன்று இருக்கை, நாங்கள் நான்கு பேர்

அப்பாவின் வள்ளத்தில் இருந்தது 15 குதிரைவலு மோட்டார். பருத்தித்துறைப் பக்கம் அந்த ஒரு மோட்டாரை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. போன வருடம் மே மாதம் நான் வாங்கிய சீ-டூ ஜீ.ரீ.எக்ஸ் லிமிட்டெட் என்கிற தண்ணீர் ஸ்கூட்டரில் இருப்பது 300 குதிரைவலு. கனடாவில், ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வீடு, ஓடுவது சிம்கோ ஏரியில், மகளுக்கு 15 வயது, மகனுக்கு 11. இரண்டு கோடை முடிந்து மீற்றரில் 61 மணி நேரம் காட்டுகிறது. வாங்கும்போது எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியவற்றை எழுதுகிறேன்.

முதலில் பெயர். நாங்கள் எல்லோரும் எல்லாவற்றையும் ஜெட் ஸ்கீ என்றுதான் சொல்கிறோம். அது கவாசாகியின் பெயர், 1973இல் வந்தது. சீ-டூ கியூபெக்கின் வல்கூரில் இருக்கிற பி.ஆர்.பி. நிறுவனத்துடையது. இயந்திரம் ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ். பொருத்தி முடிப்பது மெக்சிகோவில். கனடாப் பொருள் என்று ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கடைகளில் மூன்றைப் பார்த்தேன். கவாசாகி அல்ட்ரா 310 உயரமும் கனமுமாக, அலையை வெட்டிக்கொண்டு போகப் பிறந்ததுபோல் இருந்தது. யமஹா எஃப்.எக்ஸ். சூப்பர்சார்ஜர் (இயந்திரத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளி வலுவைக் கூட்டும் கருவி) மாதிரியில் 1.8 லீற்றர் இயந்திரம். எங்கள் ஊர்க் கடலில் யமஹாவைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் மனம் அதிலேயே நின்றது. மாற்றியது என் மனைவி. மூன்றிலும் பின்பக்கமாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, தண்ணிக்குள்ள இருந்து நான் ஏறக்கூடியது இதுதான்" என்றா. சீ-டூவின் பின்தட்டு தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கிறது, ஏணியும் உண்டு. பின் இருக்கையைக் கழற்றினால் நான்கு பேர் காலைத் தொங்கப்போட்டு இருந்து சாப்பிடலாம். இப்போது யோசித்தால், இந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அதிகம் பயன்படுத்தியது அந்தத் தட்டைத்தான். நங்கூரம் போட்டுவிட்டு அதில் இருந்து குளிப்பது, றோல்ஸ் சாப்பிடுவது, மகன் அதிலிருந்து குதிப்பது. குடும்பத்துக்கு வாங்குகிறவர்கள் கடையில் வேகத்தைக் கேட்பதற்கு முன் பின்பக்கமாக ஏறிப் பாருங்கள்.

இனி வேகம். ஜூலையில் ஒரு விடியற்காலை, தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. தனியாகப் போனேன். திரையில் 104 கிலோமீற்றர் பார்த்தேன். நெஞ்சுக்குள் ஒரு சந்தோசம், அதைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது நான் 60ஐத் தாண்டியதில்லை. தாண்டவும் கூடாது. அந்த 60ஐ சூப்பர்சார்ஜர் இல்லாத 170 குதிரைவலு மாதிரியே சிரமமில்லாமல் தரும். விலையும் குறைவு, பெற்றோல் செலவும் குறைவு. என்னுடையதற்கு 91 ஒக்டேன் பெற்றோல் வேண்டும். 70 லீற்றர் தாங்கி. முழு வேகத்தில் முறுக்கிக்கொண்டே போனால் ஒரு மணி நேரத்துக்குள் காலியாகிவிடும். 40, 45இல் ஓடினால் அரை நாள் ஏரியில் நிற்கலாம்.

அப்படியானால் 300 வீணா? ஒரு இடத்தில் மட்டும் வீணில்லை. சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த திறந்த ஏரி. காலையில் படுத்துக் கிடக்கும், மத்தியானத்துக்குப் பிறகு வடமேற்குக் காற்று எடுத்தால் தென்கரையில் குறுகிய, கூர்மையான அலை எழும்பும். அப்படி ஒரு நாள் மகளை ஏற்றிக்கொண்டு சிபால்ட் பொயின்ற் கரைக்குத் திரும்பினேன். ஒவ்வொரு அலையின் முதுகிலும் வேகத்தைக் கூட்டும் விசையைக் கொஞ்சம் கொடுத்துக் கொஞ்சம் குறைத்து வரவேண்டியிருந்தது. வண்டி உடலின் ஆழமான வெட்டும், கையில் உடனே கிடைத்த இழுவையும் அன்று தெம்பாக இருந்தன. ஆனாலும் அன்று எனக்கு உதவியது முக்கால்வாசி வண்டி உடலின் வடிவமும் எடையும்தான். குதிரைவலு கால்வாசி.

எல்லாவற்றையும்விட முக்கியமானதை இப்போது சொல்கிறேன். இதற்குச் சுக்கான் கிடையாது. அடியால் உறிஞ்சிய தண்ணீரைப் பின்குழாயால் பீய்ச்சி அடித்து ஓடுகிறது, அந்தக் குழாயைத் திருப்பித்தான் திரும்புகிறது. விசையை விட்டால் பீய்ச்சல் நின்றுவிடும், கைபிடியை எவ்வளவு முறித்தாலும் நேராகவே போகும். எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியும். தெரிந்தும், முதல் வாரம் இறங்குதுறைக்கு வரும்போது பதறி விசையை விட்டுவிட்டு வலப்பக்கம் முறித்தேன். வண்டி மரப்பாலத்தை நோக்கி நேராகப் போனது. இடது கைப் பிரேக்கைப் பிடித்ததால் தப்பினேன். 2009இல் சீ-டூ கொண்டுவந்த ஏற்பாடு அது: பிடித்தவுடன் ஒரு வாளி போன்ற மூடி பின்குழாயின் மேல் இறங்கி, தண்ணீரை முன்பக்கம் திருப்பி அடிக்கும். விசையை விட்டாலும் திரும்ப உதவுகிற ஒரு வசதி இப்போதைய மாதிரிகளில் உண்டு, ஆனால் அதை நம்பிப் பழகாதீர்கள். புதிதாக வாங்கியவர்கள் முதல் நாள் முழுவதையும் நடு ஏரியில், ஒரு மிதவையை வைத்து, நிறுத்திப் பழகவே செலவழியுங்கள்.

போன கோடையில் அப்பா வந்திருந்தார். வண்டி ட்ரெயிலரில் நின்றபோது சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து அடியில் இருந்த கம்பித் தட்டியைத் தடவினார். "தம்பி, தண்ணியைத் தள்ளுற விசிறி எங்கையடா? சுக்கான் எங்கை?" என்றார். விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பயத்தில கை விட்டா மோதும்" என்றார். நான் ஒரு வாரம் பட்டுப் படித்ததை அவர் இரண்டு நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

அந்தப் பின்குழாயைப் பற்றி இன்னொன்று, வெட்கப்படாமல் பேச வேண்டியது. பின்னால் இருக்கிறவர் தவறி விழுந்தால் அந்தப் பீய்ச்சல் உடம்பின் உள்ளே புகுந்து கடுமையான காயம் செய்யும். குளியல் உடுப்பு அதைத் தடுக்காது. அதனால்தான் வெற்சூட் எனும் தடித்த ரப்பர்த் துணிக் காற்சட்டை போடச் சொல்லி எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் நால்வருக்கும் வாங்கினோம். வெயிலில் புழுங்கும் என்று மகள் சிணுங்கினாள், ஆனால் போடாமல் ஏறக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மிதவை அங்கியும் ஊதுகிற வகை இதற்குச் செல்லாது, தானாக மிதக்கிறதுதான் வேண்டும்.

மூன்று இருக்கை, மொத்தம் 272 கிலோ வரை. நாங்கள் நான்கு பேர். ஒருவர் எப்போதும் கரையில் நிற்கிறார், அது பெரும்பாலும் என் மனைவி. இதை வாங்கும்போது நான் சரியாக யோசிக்கவில்லை, அதில் எனக்கு மனக்கவலை இருக்கிறது. காற்றடைத்த ரியூபில் ஒருவரை இருத்திப் பின்னால் கட்டி இழுக்கவும் இதே கணக்குத்தான்: ஓட்டுநர், பார்த்துக்கொள்ள ஒருவர், இழுபடுகிறவருக்கு ஒரு வெறும் இருக்கை. நான்காமவருக்கு இடமில்லை.

சட்டத்தை விரைவாகச் சொல்கிறேன். ஓட்டுநர் அட்டைக்குப் பரீட்சை எழுத வேண்டும், ஒரு தடவை எடுத்தால் ஆயுள் முழுக்க. 16 வயதுக்குக் குறைந்தவர் இதை ஓட்டவே கூடாது, அப்பா பின்னால் இருந்தாலும்தான். உரிம இலக்கத்தை இரண்டு பக்கமும் 7.5 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் ஒட்ட வேண்டும். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் 10 கிலோமீற்றர் வேகம்தான். ஏரியை விட்டு ஏறியதும் வடிகால் அடைப்பைத் திறந்து, ஒட்டியிருக்கிற பாசியையும் சீப்ரா மட்டியையும் துடைத்துவிட்டுத்தான் வீதியில் இழுக்கலாம்.

காசு விசயம். விளம்பர விலைக்கும் நான் கட்டிய தொகைக்கும் இடையே 5,000 டொலருக்கு மேல் வித்தியாசம். 13 சதவீத வரி எனக்குத் தெரியும். ஏற்றிவரும் கூலி, தயார்ப்படுத்தும் கூலி, பத்திரக் கூலி எல்லாம் கையெழுத்துப் போடும் மேசையில்தான் தெரிந்தது. ட்ரெயிலர், காப்புறுதி, உறை வேறு. போகும் முன்பே "வாசலை விட்டு வெளியே எடுக்க மொத்தம் எவ்வளவு" என்று எழுத்தில் கேளுங்கள். குளிர்காலப் பராமரிப்பையும் அதே கடையிலேயே கொடுத்தேன், பற்றரியைக் கழற்றி வைப்பதாகச் சொன்னார்கள், வைக்கவில்லை. வசந்தத்தில் பற்றரி செத்திருந்தது, புதியதற்கு நான்தான் காசு கட்டினேன். இந்த முறை பற்றரியை நானே கழற்றிக் கராஜுக்குள் சார்ஜரில் போட்டிருக்கிறேன். பழையது வாங்குகிறவர்கள் ஓடிய மணி நேரத்தோடு சேர்த்து, சூப்பர்சார்ஜரைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தார்கள் என்பதற்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

திரும்பவும் வாங்குவேனா? இதே உடல், இதே பின்தட்டு, இதே பிரேக், ஆனால் 170 குதிரைவலுவில் வாங்குவேன். மிச்சக் காசுக்கு வருடம் ஒரு வாரம் ஏரிக்கரையில் கொட்டேஜ் எடுத்து, மனைவி கரையில் நிற்கிற நேரத்துக்கு ஒரு நல்ல நிழலாவது கொடுத்திருக்கலாம்.

ஏப்ரலில் மகளுக்கு 16 ஆகிறது. அட்டைக்குப் படிக்கத் தொடங்கிவிட்டாள். வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பழகுநர் திறப்பு ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முதல் நாள் மிதவையை நான் பிடிப்பேன், அவள் நிறுத்திப் பழகட்டும்.